ஈபெரா, எல்எம்பி-1 ஸ்டெயினா, ரத்த பிசிஆரா?

கழுத்தில் நெறி கட்டி மாதக்கணக்கில் வற்றாமல் நின்றால், கீழக்கரையோ ராமேஸ்வரமோ, முதல் சந்தேகம் டிபி மேல்தான் விழும். அது இல்லையென்றாகி, பயாப்ஸியில் லிம்போமா, அதாவது நிணநீர் செல்களின் புற்றுநோய், என்று வந்த பிறகுதான் எப்ஸ்டீன்-பார் வைரஸ் பற்றிய பேச்சே எழும். சில லிம்போமாக்களில் இந்த வைரஸ் புற்றுநோய் செல்லுக்குள்ளேயே இருக்கும்; அதைத் தேடக் கேட்கப்படும் மூன்று சோதனைகள்தான் தலைப்பில் இருப்பவை.

ரத்தத்தில் வைரஸின் டிஎன்ஏவை அளக்கும் பிசிஆரை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம். பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸ் ஏற்கெனவே உடம்பில் தங்கியிருக்கிறது. புற்றுநோய் செல்லுக்குள் அது இருக்கிறதா என்பதை ரத்தம் சொல்லாது. சிகிச்சையின்போது அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்க உதவும், அவ்வளவுதான்.

மிச்சப் போட்டி இரண்டுக்குள். எல்எம்பி-1 வைரஸின் ஒரு புரதம். வழக்கமான இம்யூனோ ஸ்டெயின் (புரதத்தை நிறமேற்றிக் காட்டும் சோதனை) போடும் லேபிலேயே முடிந்துவிடும். ஹாட்ஜ்கின் என்ற லிம்போமா வகையில், அதன் அடையாளமான பெரிய ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் பழுப்பேறித் தனியாகத் தெரியும். பார்க்கவே திருப்தியாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், வைரஸ் எல்லா நோயிலும் எல்லா ஜீன்களையும் திறப்பதில்லை. பர்கிட் லிம்போமாவில் பெரும்பாலும் ஈபிஎன்ஏ-1 புரதம் மட்டும்தான். ஹாட்ஜ்கினில் அதோடு எல்எம்பி-1, எல்எம்பி-2. உறுப்பு மாற்றத்துக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தி அடங்கிக் கிடக்கும்போது வரும் கட்டிகளில் பல சமயம் வைரஸ் செல்லுக்குள் பதுங்கியிருக்கையில் பயன்படுத்தும் மறைநிலை ஜீன்கள் மொத்தமும் திறந்திருக்கும். ஆகவே பர்கிட்டில் எல்எம்பி-1 நெகட்டிவ் என்ற ரிப்போர்ட்டை வைத்து வைரஸ் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

ஈபெர் அப்படியல்ல. வைரஸின், புரதமாக மாறாத இரண்டு சிறு ஆர்என்ஏக்கள் அவை. மேலே சொன்ன மூன்று வகையிலும் இருக்கும், ஒரு செல்லில் லட்சக்கணக்கில். அவற்றைத் தேடும் சோதனையில் உட்கரு முழுக்க நிறம் பிடிக்கும். கட்டியின் செல்லில்தான் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஓரமாக நிற்கும் ஒன்றிரண்டு சாதாரண லிம்போசைட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. என் ஓட்டு ஈபெருக்குத்தான், செலவு கூடினாலும்.

ஆனால் ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும். ராமேஸ்வரத்தில் எடுத்த துண்டைச் சலைனில் போட்டு மதுரைக்கு பஸ் ஏற்றினால் ஈபெரும் கைவிட்டுவிடும். எடுத்த கையோடு 10% பஃபர்டு ஃபார்மலின், துண்டைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். நெகட்டிவ் வந்தால் கன்ட்ரோல் புரோப் (துண்டில் ஆர்என்ஏ மிச்சமிருக்கிறதா என்று காட்டும் ஒப்பீட்டுச் சோதனை) போட்டார்களா என்று கேளுங்கள். அதுவும் நிறம் பிடிக்கவில்லையென்றால் ஆர்என்ஏ போய்விட்டது, அந்த ரிப்போர்ட் செல்லாது.

நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் கோத்து, அந்த நீருக்குள்ளேயே லிம்போமா செல்கள் மிதந்தால் கதை வேறு. அங்கே முதல் குற்றவாளி 1994-இல் கண்டறியப்பட்ட எச்எச்வி-8 என்ற வேறொரு வைரஸ். அதற்கு, அதன் லானா என்ற புரதத்தைக் காட்டும் ஸ்டெயின். எப்ஸ்டீன்-பாரும் பெரும்பாலும் கூடவே இருக்கும், ஆனால் எல்எம்பி-1 காட்டாமல். அதனால் லானாவும் ஈபெரும் சேர்த்துக் கேளுங்கள்; எல்எம்பி-1க்குத் தனியாகக் காசு கட்ட வேண்டாம்.