பூனை நக்கிய சாக்லேட்: எந்தத் துண்டுக்கு எவ்வளவு பயப்படலாம்?

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் மிளகு. குமுளியில் மிளகு காயப்போட்ட பாயில் குட்டியாக வந்து படுத்துக்கொண்டதால் அந்தப் பெயர். நிறமும் ஒத்துப்போனது. எடை நாலு கிலோ, ஏலக்காய் நிறுக்கும் தராசில் உட்கார வைத்துப் பார்த்தது. இந்த நாலு கிலோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

குமுளி கடைத்தெருவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். ஏலம், கிராம்பு மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டிகளில் 'ஹோம்மேட் சாக்லேட்' அடுக்கியிருக்கும். கம்பத்திலிருந்து யார் மலையேறி வந்தாலும் திரும்பும்போது கால் கிலோ கட்டாயம். அத்தைக்காக வாங்கி வைத்த பொட்டலத்தை மிளகு ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்துவிட்டது. காலையில் பார்த்தால் ஒரு பால் சாக்லேட் துண்டு பாதி நக்கிக் கிடந்தது. "கொஞ்சூண்டுதானப்பா, ஒண்ணும் ஆகாது" என்றார் அத்தை. பக்கத்து வீட்டுச் சேச்சியோ, "அய்யோ, பூச்சக்கு சாக்லேட் விஷமாணு!" என்று பதறினார். இரண்டு பேர் சொன்னதும் பாதிப் பாதி சரி. எந்தச் சாக்லேட், எவ்வளவு என்று கேட்காமல் இதற்குப் பதில் கிடையாது.

கோகோவில் இருக்கும் தியோபுரோமின்தான் வில்லன். கூடவே கொஞ்சம் கஃபீன். இரண்டும் இதயத்தையும் நரம்பையும் முடுக்கிவிடும். நம் உடல் தியோபுரோமினை வேகமாகக் கழித்துவிடும். நாய், பூனை உடம்பில் அது மெதுவாகத்தான் கழியும். கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் அளவில் வாந்தி, பேதி, நிலைகொள்ளாமை தொடங்கும். 40, 50 என்று ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60ஐத் தாண்டினால் வலிப்பு வரலாம். இது பெரும்பாலும் நாய்களைப் பார்த்துக் கிடைத்த கணக்கு. பூனைக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். ஆக, மிளகுக்கு முதல் கோடு 80 மில்லிகிராம்.

பாலா, டார்க்கா?

பால் சாக்லேட்டில் கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம். அப்படியானால் மிளகு முதல் கோட்டைத் தொட 40 கிராம் தின்ன வேண்டும். எங்கள் கடைத்தெருத் துண்டு ஒன்று சுமார் 10 கிராம் வரும். நாலு துண்டு! அது நக்கியது அரைத் துண்டுகூட இல்லை. இந்த இடத்தில் அத்தை ஜெயித்தார்.

டார்க் சாக்லேட்டில் கிராமுக்கு 5 மில்லிகிராம் அளவில் இருக்கும். கோகோ விகிதம் கூடினால் இதுவும் கூடும். ஒன்றரைத் துண்டே 80 மில்லிகிராமுக்குக் கிட்டத்தில் போய்விடும். மூணு, நாலு துண்டு என்றால் இதயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அளவு. நம்மூர் ஹோம்மேட் சரக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலவும் காம்பவுண்ட் கட்டியை, அதாவது கோகோ கொழுப்புக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த கட்டியை, உருக்கி அச்சில் ஊற்றியவை. எத்தனை சதவீதம் கோகோ என்று பொட்டலத்தில் எழுதியிருக்காது, கடைக்காரருக்கும் தெரியாது. அதனால் கறுப்பாக, கசப்பாக இருந்தால் கூடுதல் கணக்கையே போடுவது என் வழக்கம்.

வெள்ளைச் சாக்லேட்டில் கோகோ கொழுப்புதான், தியோபுரோமின் இல்லாததுபோலத்தான். வயிறு கெடலாம், அவ்வளவே.

ஆனால் நாலு கிலோ என்பது வளர்ந்த பூனை. ஒரு கிலோ குட்டிக்கு எல்லாவற்றையும் நாலால் வகுக்க வேண்டும். டார்க்கில் 4 கிராம், அதாவது அரைத் துண்டுக்கும் குறைவு. பால் சாக்லேட் ஒரே துண்டு. குட்டி விஷயத்தில் நான் சேச்சி கட்சி.

கோகோ தூள்

உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். இனிப்புச் சேர்க்காத கோகோ தூளில் கிராமுக்கு 25 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். அதாவது 3 கிராம், ஒரு தேக்கரண்டியை விடச் சற்றே கூட, மிளகை முதல் கோட்டுக்குக் கொண்டுபோகும். கேக் சுடுபவர்கள் வாங்கும் இனிப்பில்லாத பேக்கிங் சாக்லேட்டும் கிட்டத்தட்ட இதே ரகம். 5 கிராம் போதும்.

இடுக்கிப் பக்கம் வீட்டைச் சுற்றிக் கோகோ மரம் நிற்பவர்கள் கேட்பார்கள்: முற்றத்தில் காயும் கோகோ கொட்டை? அதிலும் கிராமுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, ஏழெட்டுக் கொட்டையே கோட்டைத் தொடும். ஆனால் புளிக்க வைத்துக் காயப்போட்ட அந்தக் கசப்புக் கொட்டையைப் பூனை தின்று நான் பார்த்ததில்லை. அதன்மேல் படுத்துத் தூங்கும். அணிலுக்கும் குரங்குக்கும்தான் பழத்தின் வெள்ளைச் சதைமேல் ஆசை.

பூனை ஏன் தின்னாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. அதற்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பியில் ஒரு பாதியை உருவாக்கும் மரபணு பூனைக் குடும்பத்தில் செத்துப்போய்விட்டது. புலிக்கும் அப்படித்தான். 2005இல் இது வெளியானது. ஆகவே மிளகு வந்தது சர்க்கரைக்கு அல்ல, பால்கொழுப்பு வாசனைக்கு. அதாவது, பூனைக்குப் பிடித்த பால் சாக்லேட் பலவீனமானது, பலமான டார்க்கும் கோகோவும் அதற்குப் பிடிக்காது. இயற்கை போட்ட பாதுகாப்பு இது. அதை உடைப்பது நாம்தான்: கோகோ தூளைப் பாலில் கலக்கும்போது, வெண்ணெய் சேர்த்து கேக்குக்கு மேல் பூசும்போது, ஐஸ்கிரீமில் குழைக்கும்போது. விஷமும் ருசியும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்துவிடுகின்றன. பிறந்தநாள் கேக்கின் கறுப்புக் கிரீமை "பாவம், பாக்குது" என்று விரலில் எடுத்து நீட்டுகிறவர்களைத்தான் நான் முதலில் தடுப்பேன்.

காப்பியும் கிட்டத்தட்ட இதே கதை. நம் பக்கத்து ரொபஸ்டாத் தூளில் கிராமுக்கு 20 மில்லிகிராம் அளவுக்குக் கஃபீன் உண்டு. 4 கிராம் தூளே மிளகுக்கு எல்லை. டம்ளரில் மிச்சம் கிடக்கும் பால்காப்பியில் இரண்டு நக்கு நக்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. டம்ளர் முழுக்க என்றால் வேறு கதை.

காத்திருப்பதா, ஓடுவதா, வீட்டு வைத்தியமா?

மூன்றில் கடைசியை முதலிலேயே கழித்துவிடுகிறேன். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது சாக்லேட்டை விட மோசமாக முடியலாம். ரத்தத்தில் உப்பு ஏறித் தனி விஷமாகும். ஹைட்ரஜன் பெராக்சைடு நாய்க்குக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு பூனைக்கு ஊற்றாதீர்கள். இரைப்பை புண்ணாகும். பால் கொடுத்தால் முறியும் என்பதும் கிடையாது.

மிளகு விஷயத்தில் நான் செய்தது காத்திருப்பது. கணக்கு போட்டபின் காத்திருந்தேன், போடாமல் அல்ல. அறிகுறி பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் தலைகாட்டும், சில சமயம் இரண்டு மணி நேரத்திலேயே. பெரிய அளவில் தின்றிருந்தால் மூன்று நாள்வரை இழுக்கும். கோகோ தூளோ, ஒரு துண்டுக்கு மேல் டார்க்கோ, குட்டியோ என்றால் அறிகுறிக்குக் காத்திருக்க மாட்டேன், உடனே ஓடுவேன். எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளத்தில் மிருகாசுபத்திரி, கீழே தமிழ்நாட்டுக்கு இறங்கினால் மாட்டாஸ்பத்திரி. பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம், அங்கே இருப்பவரும் கால்நடை மருத்துவர்தான். பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பூனையின் எடை, என்ன சாக்லேட், எவ்வளவு, எத்தனை மணிக்கு, இந்த நாலும் தெரிந்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது. இதற்கு முறிவு மருந்து கிடையாது. வாந்தி எடுக்க ஊசி, கரி மருந்து, டிரிப் என்று போகும். சிறுநீர்ப்பையிலிருந்து அந்த விஷம் மறுபடி உடம்புக்குள் உறிஞ்சப்படும் என்பதால் சிறுநீரை வடிய விடுவதும் வைத்தியத்தில் சேர்த்தி.

சாக்லேட்டை விட மோசமானவை

பயத்தை எல்லாம் சாக்லேட்டிலேயே செலவழித்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொரு ஒப்பீடு. பூனைக்கு உடம்பு சுடுகிறது என்று பாரசிட்டமால் உடைத்துக் கொடுக்கிறார்கள். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும், அரை மாத்திரையும் ஆபத்து. அதைச் செயலிழக்கச் செய்யும் வேலையைப் பூனையின் கல்லீரல் சரியாகச் செய்யாது. ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். இதற்கு அசிட்டில்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து உண்டு, நேரத்தோடு போனால்தான். பாதி நக்கிய பால் சாக்லேட்டோடு இதைத் தராசில் வைத்தால் சாக்லேட் தட்டு மேலே போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று காலை நான் முதலில் தேடியது சாக்லேட்டை அல்ல, பொட்டலத்தில் கட்டியிருந்த பளபள ரிப்பனை. பூனையின் நாக்கில் முட்கள் உள்நோக்கி வளைந்திருக்கும். நூல் நுழைந்தால் துப்ப வராது, உள்ளேதான் போகும். குடலைச் சுருக்கி அறுத்துவிடலாம், அப்படி ஆனால் அறுவை சிகிச்சைதான் வழி. ரிப்பன் கட்டிலுக்கடியில் முழுசாகக் கிடைத்தது. அளந்து பார்த்தேன், ஒரு முழம், குறைவில்லை.

மிளகு அன்று முழுக்கத் தூங்கியது. அத்தைக்கு வேறு கால் கிலோ வாங்கிக் கொடுத்தேன். இந்த முறை தகர டப்பாவில், ரிப்பன் இல்லாமல்.