பாகப்பிரிவினைப் பத்திரமும் அத்தையின் திண்ணையும்

அப்பா போன பிறகுதான் தாத்தாவுக்கு மேலே ஒரு பெயர்கூட எனக்குத் தெரியவில்லை என்பது உறைத்தது. நியூ ஜெர்சியிலிருந்து இந்த முறை ஊருக்குப் போன மூன்று வாரமும் இதற்காகத்தான். ஊர் திருவாரூர் பக்கம்.

முதல் நாளே அத்தை முன்னால் போனை வைத்து, "நம்ம குடும்பக் கதையைச் சொல்லுங்க அத்தை" என்றேன். "என்னத்தடா சொல்றது, எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சு" என்று எழுந்து போய்விட்டார்.

சரி, காகிதத்திலிருந்து தொடங்கலாம் என்று சார்பதிவாளர் அலுவலகம் போனேன். எங்கள் சர்வே நம்பருக்கு 1975-க்குப் பிந்தைய வில்லங்கச் சான்று (நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) இணையத்திலேயே கிடைத்திருந்தது. அதற்கு முந்தையதை மனுப் போட்டுத்தான் தேட வேண்டியிருந்தது. பழைய புத்தகம் எடுக்கிறவர் லீவு என்று இரண்டு நாள் திருப்பி அனுப்பினார்கள். பத்து நாள் லீவில் வருகிறவர்களுக்கு இது பெரிய இழப்பு. முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசலில் இருந்த பத்திர எழுத்தர்தான் மனுவை எழுதிக் கொடுத்தார். கிராமம், சர்வே நம்பர், உத்தேச வருஷம் மூன்றும் கையில் இருந்ததால் தேடுவது சுலபமாயிற்று. நாலாம் நாள் ரசீதோடு நகல் வந்தது. கட்டணம் பெரிய தொகை இல்லை.

1958-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம். தாத்தாவோடு இரண்டு தம்பிகள், அவர்களுடைய தகப்பனார் பெயர், யாருக்கு எந்த நிலம் என்பது எல்லாம் அதில் இருந்தது. நான்கு எல்லையில் அக்கம்பக்கத்து ஆட்களின் பெயர்களும் இருந்தன. கடைசித் தம்பிக்கு நேராக, 'தற்சமயம் பினாங்கில் இருப்பவர்' என்று எழுதியிருந்தது. அப்படி ஒருவர் இருந்ததையே நான் கேள்விப்பட்டதில்லை.

அதைத் திண்ணையில் உட்கார்ந்து அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். பினாங்கு என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய சித்தப்பாவாம். 1952-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். கப்பல் கரைக்கு வராது, தள்ளிக் கடலில்தான் நிற்கும். படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். அத்தைக்கு அப்போது ஒன்பது வயது. "படகு சின்னதா ஆகிற வரைக்கும் பாட்டி கரையிலேயே நின்னுச்சுடா" என்றார். அன்று இரண்டு மணி நேரம் பேசினார். நான் கேட்டது நாலைந்து கேள்விதான்.

மறுநாள் அவரே பெட்டியிலிருந்து ஜாதக நோட்டை எடுத்து வந்தார். கொள்ளுத்தாத்தா பிறந்தது சுபானு வருஷம் ஆவணி என்று இருந்தது. சுபானு அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வருவதால் 1823-ஆ 1883-ஆ என்று பார்க்க வேண்டும். அத்தை பிறந்ததும் சுபானுதான், 1943-இல் வந்தது. "நான் கைக்குழந்தையா இருக்கும்போது அவருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்துச்சுன்னு அம்மா சொல்லும்" என்றார். அப்படி 1883 உறுதியாயிற்று.

போட்டோ விஷயத்தில் ஒரு வருத்தம். ஸ்கேன் செய்யக் கொடுத்த கடையில், ஒட்டியிருந்த கல்யாணப் படத்தை ஆல்பத்திலிருந்து பிய்த்து ஓரத்தைக் கிழித்துவிட்டார்கள். அதற்கப்புறம் எதையும் வெளியே கொடுக்கவில்லை. காலை வெளிச்சத்தில் திண்ணையில் வைத்து, ஆல்பத்தோடே போனில் எடுத்தேன். ஒட்டாத படங்களின் பின்பக்கத்தையும் எடுத்தேன். ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கின்றன.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அடுத்த பயணத்தில்தான் போக வேண்டும். விமானத்திலேயே குடும்பக் கதையின் முதல் பக்கத்தை எழுதிவிட்டேன், படகு சின்னதாகிற இடத்திலிருந்து. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அத்தைக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டுகிறேன். போன வாரம் நடுவில் நிறுத்தி, "பாட்டி அன்னிக்குக் கட்டியிருந்தது அரக்குச் சேலைடா, எழுதிக்கோ" என்றார்.