இறுதியாண்டு மாணவர்களுக்கான பல் அகற்றும் கருவித் தொகுப்பு: இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

பி.டி.எஸ். இறுதியாண்டில் வாய் மற்றும் முகத்தாடை அறுவைச் சிகிச்சைத் துறைக்கு எங்கள் குழு சென்றபோது, ஒவ்வொருவரும் சொந்தக் கருவிகளுடன் வர வேண்டும் என்று சொல்லப்பட்டது. சேலத்தில் பல் மருத்துவப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில், ‘மாணவர் தொகுப்பு’ என்று எழுதப்பட்ட பெட்டியை 8,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதில் 14 கருவிகள் இருந்தன: பல்லைப் பிடித்து எடுக்கும் இடுக்கியான ஃபோர்செப்ஸ் எட்டு, பல்லை நெம்பித் தளர்த்தும் எலிவேட்டர் மூன்று, ஈற்றை எலும்பிலிருந்து பிரித்து விலக்கும் மோல்ட் ஒன்பதாம் எண் கருவி, தையல் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டர் ஒன்று, ஒரு கத்தரிக்கோல். இறுதியாண்டிலும் அதற்கடுத்த பயிற்சி மருத்துவர் ஆண்டிலும் இவற்றைத்தான் பயன்படுத்தினேன். இப்போது தருமபுரியில் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இவற்றில் பாதிக்கு மேற்பட்டவை இன்றும் என் கருவித் தட்டில் இருக்கின்றன. எங்கள் ஊரிலிருந்து இந்தப் படிப்புக்குச் செல்லும் தம்பி தங்கைகள் எதை வாங்குவது என்று என்னிடம் கேட்பதால், விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஃபோர்செப்ஸ். மேல்தாடைக் கடவாய்ப்பல்லுக்குக் கன்னப் பக்கம் இரண்டு வேர்களும் அண்ணப் பக்கம் ஒரு வேரும் இருப்பதால், அதைப் பிடிக்கும் ஃபோர்செப்ஸின் இரண்டு அலகுகளும் ஒன்றுபோல் இருக்க முடியாது. கன்னப் பக்கத்து அலகின் நடுவில் ஒரு கூர்முனை இருக்கும். அது இரண்டு வேர்களும் பிரியும் இடத்தில் போய் உட்கார வேண்டும். அண்ணப் பக்கத்து அலகு அந்த ஒற்றை வேரைத் தழுவும்படி வழவழப்பாகவும் குழிவாகவும் இருக்கும். ஆகவே வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று என இவை இணையாகவே வரும். பல்லின் கழுத்துக்கு ஏற்ப அலகை வடிவமைக்க வேண்டும் என்பதை 1840களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் ஜான் டோம்ஸ் செய்து காட்டிவிட்டார். அதற்கு முன் பல்லைப் பிடுங்கப் பயன்பட்ட சாவி போன்ற கருவி, பல்லோடு எலும்பையும் பெயர்த்துக்கொண்டு வந்த கதைகள் ஏராளம்.

எனக்குக் கிடைத்த பெட்டியில் இந்த இணையே தவறாக இருந்தது. ஒன்றில் வலப்பக்கம் என்றும் மற்றதில் இடப்பக்கம் என்றும் ஆங்கில எழுத்து பொறிக்கப்பட்டிருந்தும், அலகின் அமைப்பில் இரண்டுமே வலப்பக்கத்துக்கானவை. துறையில் முதல் வாரம், ஒருவருக்கு இடப்பக்க மேல் கடவாய்ப்பல்லை எடுக்க வேண்டியிருந்தது. பொறித்த எழுத்தை நம்பி எடுத்து, அலகைப் பல்லருகே கொண்டு சென்றபோது, பின்னால் நின்ற ஆசிரியர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். கூர்முனை அண்ணத்தை நோக்கி இருந்தது. அப்படியே அழுத்தியிருந்தால் அது அண்ண வேரின் மேல் வழுக்கியிருக்கும், பல்லும் உடைந்திருக்கும். துறையின் கருவியைக் கொண்டு பல்லை எடுத்து முடித்தோம். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார் என்றாலும் அதற்கு மூன்று வாரங்கள் ஆயின; கற்கும் மாணவரின் கைக்குப் போகும் பொருளில் இப்படி ஒரு பிழை நேரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மாற்றிக் கிடைத்ததையும் சேர்த்துச் சொன்னால், ஃபோர்செப்ஸ் எட்டும் நல்லவை. அலகின் உட்புற வரிகள் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் தேயவில்லை, கீல் தளரவில்லை. இவை ஆங்கிலேய முறையில் செய்யப்பட்டவை, அதாவது கீழ்த்தாடைக்கான அலகுகள் கைப்பிடிக்குச் செங்குத்தாகத் திரும்பியிருக்கும். இந்த முறையில் வலது கைப் பழக்கம் உள்ளவர், கீழ்த்தாடையின் வலப்பக்கப் பற்களை எடுக்க நோயாளியின் பின்புறமாக நிற்க வேண்டும். கைப்பிடிகள் சற்றுப் பருமனாக இருப்பதால் சிறிய கைகளுக்கு முதலில் சிரமமாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் பல் எடுப்பதில் இழுப்பது கடைசி வேலை. அலகை வேரை நோக்கி இறக்கி அழுத்துவதும், பிறகு கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் நிதானமாக அசைத்துக் குழியை விரிப்பதும்தான் முக்கால் வேலை. உள்ளங்கையை நிறைக்கும் கைப்பிடி அந்த அழுத்தத்துக்கு உதவுகிறது.

மாட்டுக்கொம்பு என்று நாங்கள் அழைக்கும் ஃபோர்செப்ஸைத் தனியாகப் பாராட்ட வேண்டும். இரண்டு கூரிய கொம்புகளும் கீழ்க் கடவாய்ப்பல்லின் இரண்டு வேர்களுக்கு இடையே இரு பக்கமிருந்தும் நுழைய, கைப்பிடியை இறுக்க இறுக்கப் பல் தானாக மேலெழும். மலிவான கருவிகளில் இந்தக் கொம்புகள் தடித்துப்போய் இடையே நுழையாமல் நிற்கும். இதில் முனை மெல்லியதாகவும் உறுதியாகவும் இருக்கிறது. குழந்தைகளின் பால் கடவாய்ப்பல்லுக்கு மட்டும் இதை எடுத்துவிடக் கூடாது. அந்த வேர்களுக்கு நடுவில்தான் நிரந்தரப் பல்லின் முளை இருக்கிறது. பெட்டியுடன் வந்த தாளில் இந்த எச்சரிக்கை இல்லை, இருந்திருக்க வேண்டும்.

எலிவேட்டர்களைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை. எங்கள் மாவட்டத்து வாய்களில் எலிவேட்டருக்கு வேலை அதிகம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுதியாக இருப்பது தெரிந்த செய்தி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டதற்கும் அதுவே காரணம். ஆனால் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் உருவாவது சிறு வயதில். அந்த வயதில் கிணற்று நீரையும் ஆழ்துளைக் குழாய் நீரையும் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையும் குழிகளும் அப்படியே நிற்கின்றன. கறை முற்றிய பல்லின் எனாமல், அலகு பட்டதும் உதிரும். ஆகவே அலகை ஈற்றுக்குக் கீழே வேர் வரை இறக்க வேண்டும், அதற்கு முன் எலிவேட்டரால் பல்லைத் தளர்த்த வேண்டும்.

பயிற்சி ஆண்டில் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் ஆயா வந்தார். கீழ்த்தாடை முதல் கடவாய்ப்பல். ஈற்றுக்கு மேலே தெரியும் பகுதி முழுவதும் சொத்தையாகி, மிஞ்சியது பழுப்புச் சுவர் மட்டும். “பல்லு போனா போகுது கண்ணு, வலி மட்டும் தெரியாம எடுத்துரு” என்றார். மரத்துப்போகும் ஊசி நன்றாக வேலை செய்தது. தொகுப்பின் மூன்று எலிவேட்டர்களில் ஒன்றான கூப்லேண்ட் பல்லைத் தளர்த்தியது, பின்பக்க வேர் வந்துவிட்டது. முன்பக்க வேர் குழிக்குள் உடைந்து நின்றது. இப்படிப்பட்ட நேரத்துக்காகவே மற்ற இரண்டு எலிவேட்டர்களான கிரையர் இணை இருக்கிறது. காலியான குழிக்குள் அதன் முக்கோண முனையை விட்டு, இரண்டு குழிகளுக்கும் இடைப்பட்ட மெல்லிய எலும்பைக் குத்தித் திருப்பினால், மிச்சமுள்ள வேர் மேலே வரும். என் தொகுப்பின் கிரையர் இரண்டாவது திருப்பலிலேயே முனை மடங்கியது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோது, அந்த முனை நகம் வளைந்ததுபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. துறையின் பழைய கிரையர், பிடியில் எழுத்தே அழிந்துபோன ஒன்று, அதே வேரை அரை நிமிடத்தில் தூக்கியது. ஆயாவுக்கு வலிக்கவில்லை, ஆனால் வாயைத் திறந்தபடி கூடுதலாகப் பத்து நிமிடம் அவர் காத்திருக்க வேண்டியிருந்ததை நான் மறக்கவில்லை. கூப்லேண்ட் பரவாயில்லை, கிரையரைத் தனியாக, நல்ல எஃகில் வாங்குங்கள்.

நீடில் ஹோல்டரும் ஏமாற்றமே. தையல் பழகுவதற்காக வீட்டருகே உள்ள கறிக்கடையில் ஆட்டின் கீழ்த்தாடையை வாங்கி வந்து, ஈற்றை அறுத்து விலக்கி, மறுபடி தைத்துப் பழகினேன். ஆட்டின் கடவாய்ப்பல் மிக உயரமானது, எலும்புக்குள் ஆழமாகப் புதைந்திருப்பது. அதைப் பிடுங்கிப் பார்ப்பதால் மனிதப் பல்லைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் ஈற்றைக் கிழியாமல் தூக்கவும், தைக்கவும் அதைவிட நல்ல ஆசான் இல்லை. மோல்ட் கருவியின் விளிம்பு அங்கே மிக நன்றாக வேலை செய்தது. நீடில் ஹோல்டரின் வாயோ வளைந்த ஊசியை இறுக்கிப் பிடிக்காமல், திசுவுக்குள் செலுத்தும்போதெல்லாம் ஊசி சுழன்றது. ஊசியின் முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் பிடித்தும் பயனில்லை. வாயில் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள் பதித்த, பொன்னிறக் கைப்பிடி கொண்ட ஒன்றைப் பிறகு வாங்கினேன்; அன்றைக்கே என் முடிச்சுகள் திருந்தின.

துருவைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கீழ்க் கடவாய்ப்பல் ஃபோர்செப்ஸின் கீலில் ஐந்தாவது மாதம் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. ஆனால் குளோரின் கரைசலில் நீண்ட நேரம் ஊறவைத்தால் இவ்வகை எஃகு அரிக்கப்படும். எங்கள் அறையில் கருவிகள் அப்படித்தான் கிடந்தன. பிறகு பயன்படுத்தியவுடன் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கீலைத் திறந்த நிலையிலேயே, அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கத் தொடங்கினேன். 121 பாகை செல்சியஸில் 15 நிமிடம் என்ற கணக்கில் நூற்றுக்கணக்கான முறை வெந்த பிறகும் புதிய புள்ளி வரவில்லை.

கத்தரிக்கோல் சாதாரணம். ஈற்றைப் பல்லிலிருந்து பிரிக்கும் மூன் புரோப் பெட்டியில் இல்லை. தனியாக வாங்கியே ஆக வேண்டும். புதைந்த ஞானப்பல்லுக்கான கருவிகளும் இல்லை, அவை மாணவருக்கு உடனே தேவையும் இல்லை.

ஃபோர்செப்ஸ் எட்டையும் மட்டும் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். என்னுடன் படித்த ஒரு தோழிக்கு அதே கடையில் அப்படிக் கொடுத்தார்கள். பணம் கொடுக்கும் முன், மேல் கடவாய்ப்பல் இணையை மேசைமேல் அருகருகே வைத்து, பொறித்த எழுத்தைப் பார்க்காமல் கூர்முனைகளைப் பாருங்கள். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம்போல் எதிரெதிர்ப் பக்கம் திரும்பியிருந்தால் மட்டுமே பெட்டியை மூடச் சொல்லுங்கள்.