ஆபீஸ் 365 ஏ1: தக்கலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பயன்படுத்திய பின்

தகுதியுள்ள பள்ளிகளுக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் ஏ1 உரிமம், மாணவர்களுக்கும் பெரும்பாலான ஆசிரியர்களுக்கும் தாராளமாகப் போதும் என்பதே என் கருத்து. வேர்டும் எக்செலும் உலாவியிலேயே திறக்கின்றன. ஆய்வகக் கணினிகள் பழையவையாக இருந்தாலும் பெரிய சிக்கல் இல்லை.

ஆனால் பள்ளி அலுவலகத்துக்கு இது போதாது. எங்கள் எழுத்தர் முன்னேற்ற அறிக்கை தயாரிக்கும் எக்செல் கோப்பு மேக்ரோக்களால் (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்களால்) இயங்குவது. உலாவி எக்செலில் அவை ஓடாது. பெயர்ப் பட்டியலிலிருந்து பெற்றோருக்குக் கடிதம் அச்சிட உதவும் மெயில் மெர்ஜும் உலாவி வேர்டில் இல்லை. ஆகவே எழுத்தருக்கும் தேர்வுப் பொறுப்பாசிரியருக்கும் மட்டும், ஆபீஸைக் கணினியிலேயே நிறுவ விடும் கட்டண உரிமமான ஏ3 வாங்கினோம். அது கணினிக்கு அல்ல, ஆளுக்கு உரியது. ஒருவர் ஐந்து கணினிகளில் வரை ஆபீஸை நிறுவிக்கொள்ளலாம், அவர் மாறுதலாகிப் போனால் அடுத்தவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். புதுக் கணினியோடு வரும் ஓஇஎம் உரிமமோ அந்தக் கணினி பழுதானால் அதோடு முடிந்துவிடும். நாகர்கோவிலில் ஒரு கடைக்காரர் இந்த வேறுபாட்டைச் சொல்லாமலே விலைப்பட்டியல் கொடுத்தது எனக்கு மிகுந்த வருத்தம்.

ஐப்பசி மழையில் இணையம் அறுந்தால் ஏ1 பயன்படாது என்பதால், ஆய்வகத்தில் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளையும் நிறுவியுள்ளோம். அதற்கு எத்தனை உரிமம் என்று கணக்கு வைக்கவே தேவையில்லை. பள்ளியிலிருந்து விலகிய ஆசிரியரின் மைக்ரோசாஃப்ட் கணக்கை நீக்குமுன், அதிலுள்ள வினாத்தாள்களைப் படியெடுத்துவிடுங்கள். நீக்கிய கணக்கை 30 நாட்களுக்குள் மட்டுமே மீட்க முடியும்.