லூப் ஓடும்போது தப்படி விலகுவது ஏன்? ஓடியோ டேக், வெப் ஓடியோ, வெட்டிய கோப்பு: ஓர் ஒப்பீடு

மாசியில் காமன் கூத்து வரும்முன் தப்பு என்ற தோல்மேளம் பழகும் பிள்ளைகளுக்கு, வாத்தியாரின் அடியைப் போனில் பதிந்து வேண்டிய இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப (லூப்பில்) கேட்பது நல்ல பயிற்சி. நிமிடத்துக்கு 100 அடி என்றால் ஓர் அடிக்கு 0.6 செக்கன்; எட்டு அடிக்கு 4.8 செக்கன். பதிவில் அது 12.40ஆம் செக்கன் முதல் 17.20ஆம் செக்கன் வரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 17.20ஐத் தொட்டதும் முதலடி சரியாக வந்து விழவேண்டும். தீயில் காய்ச்சிய தப்பின் ஓசை சுள்ளென்று எழும் என்பதால், 30 மில்லிசெக்கன் பிசகினாலே காதுக்குத் தெரிந்துவிடும். அட்டனிலோ பதுளையிலோ தோட்டத்துப் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சி வலைப்பக்கம் எழுதும் இளைஞர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பலரும் கையிலெடுப்பது ஓடியோ டேக், அதாவது வலைப்பக்கத்தில் ஒலிக்கோப்பை ஓடவிடும் எச்டிஎம்எல் குறி. அதிலுள்ள லூப் வசதி முழுக் கோப்பையும்தான் சுழற்றும். ஒரு பகுதி மட்டும் வேண்டுமானால், ஓடும் நேரம் மாறியதை உலாவி அறிவிக்கும் டைம்அப்டேட் நிகழ்வு வரும்போதெல்லாம் நேரத்தைப் பார்த்து, 17.20 தாண்டியிருந்தால் 12.40க்குத் திருப்பவேண்டும். பிழை இதற்குள்ளேயே இருக்கிறது. அந்த நிகழ்வு செக்கனுக்கு நான்கு தடவை வந்தாலே போதும் என்று தர நிர்ணயம் அனுமதிக்கிறது. அதாவது, கால் செக்கன் வரை ஒன்பதாம் அடி உள்ளே நுழைந்துவிடும். ஒரு சுற்றில் 40 மில்லிசெக்கன், அடுத்த சுற்றில் 210 என்று மாறிக்கொண்டே இருப்பதால், முடிவு நேரத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தும் பயனில்லை. திரை புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் நேரத்தைப் பார்த்தால் பிசகு 17 மில்லிசெக்கனளவுக்குக் குறையும். ஆனால் போன் திரை அணைந்ததும் அந்தச் சோதனையே நின்றுவிடும். போதாததற்கு, மாறும் பிட்வீத (செக்கனுக்குச் செக்கன் தரவளவு மாறும்) எம்பி3யில், எந்த நேரம் கோப்பில் எங்கே என்று காட்டும் தேடல் அட்டவணைக்கு 100 புள்ளிகள் மட்டுமே. 40 நிமிடக் கூத்துப் பதிவில் 24 செக்கனுக்கு ஒரு புள்ளி என்றாகும். இடைப்பட்ட இடத்துக்குப் போவது பெரும்பாலும் உத்தேசக் கணக்குத்தான். பாட்டும் வசனமும் கேட்க இது போதும். தாளத்துக்கு உதவாது.

வெப் ஓடியோ என்பது உலாவியிலேயே உள்ள ஒலி நிரலாக்க வசதி. அதில் முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் தாவுவதை ஒலி எந்திரமே செய்கிறது. லூப்பை இயக்கி, லூப்ஸ்டார்ட் 12.40, லூப்எண்ட் 17.20 என்று கொடுத்துவிட்டால் தாவல் சாம்பிள் (ஒலியின் மிகச்சிறு அளவீட்டுத் துண்டு) அளவில் நடக்கும். செக்கனுக்கு 48,000 சாம்பிள் வீதத்தில் ஒரு சாம்பிள் 0.021 மில்லிசெக்கன்தான். என் தெரிவு இதுவே. ஆனாலும் இதற்கென்றே சில பிழைகள் உண்டு. ஓடவிடும் ஸ்டார்ட் கட்டளையை மதிப்பில்லாமல் வெறுமனே கொடுத்தால் பூச்சியத்திலிருந்து தொடங்கி 17.20 வரை ஓடிய பிறகே சுழலும். ஸ்டார்ட்டுக்கு இரண்டாவது மதிப்பாக 12.40ஐக் கொடுக்கவேண்டும். மூன்றாவதாக 4.80 என்று நீளத்தையும் சேர்த்தால் ஒரே சுற்றில் நின்றுவிடும். பயனர் முடிவுக் குறியைத் தொடக்கத்துக்கு முன்னே இழுத்துவிட்டால், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் முழுக் கோப்பும் சுழலும். ஒலியை ஓடவிடும் சோர்ஸ் நோட் ஒன்றை ஒரே தடவைதான் தொடங்கலாம். மறுபடி ஓடவிடப் புது நோட் வேண்டும், விரித்த ஒலி இருக்கும் பஃபரை மட்டும் திரும்பப் பயன்படுத்தலாம்.

பெரிய குறை நினைவகம்: வெப் ஓடியோ கோப்பை முழுதாக விரித்தே பஃபரில் வைக்கும். விரித்த ஒலி ஒரு நிமிட ஸ்டீரியோவுக்கு 23 எம்.பி. பிடிக்கும், 40 நிமிடத்துக்கு 920ஐத் தாண்டும். 2 ஜி.பி. போனில் உலாவி பக்கத்தையே மூடிவிடக்கூடும்.

ஆகவே வேண்டிய பகுதியை முதலில் தனிக் கோப்பாக வெட்டவேண்டும். ஆனால் வெட்டியதை எம்பி3யாகச் சேமித்தால் வேறொரு வில்லங்கம்: எம்பி3 ஆக்கும் லேம் என்கோடர் முன்னால் 576 சாம்பிள் சேர்க்கும், அதை விரிக்கும் டிகோடர் 529 சேர்க்கும். 44,100 வீதத்தில் தலைப்பக்கம் மட்டுமே 25 மில்லிசெக்கன் வெறுமை. வால்பக்கத்தில் 1152 சாம்பிள் சட்டகத்தை நிரப்பச் சேர்ப்பது தனி. கோப்பிலுள்ள லேம் குறிப்பைப் படித்து இதைக் கழிக்கும் பிளேயரும் உண்டு, கழிக்காததும் உண்டு. சுருக்காமல் சேமிக்கும் வேவ் கோப்பில் இந்தத் தொல்லை இல்லை. 4.8 செக்கன் ஸ்டீரியோ 850 கே.பி.க்குள் அடங்கும், மோனோ என்றால் பாதி. சாதாரண பிளேயர் கோப்பை மறுபடி திறக்கும்போது இடைவெளி விடலாம் என்பதால், இதையும் வெப் ஓடியோவிலேயே ஓடவிடுவது நல்லது.

வெட்டுவதற்கு ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் போதும். அலைவடிவத்தில் தப்படி சுவர்போல் நேராக எழும். அந்தச் சுவருக்கு 5 முதல் 10 மில்லிசெக்கன் இடப்பக்கம் தொடக்கத்தை வையுங்கள். முடிவையும் ஒன்பதாம் அடிக்கு முன் அதே தூரத்தில் வைத்தால்தான் நீளம் மாறாது. பிறகு இசட் விசையைத் தட்டினால் இரு முனைகளும் பூச்சியக் கோட்டுக்கு நகரும். 'டிக்' சத்தம் வராது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஓடியோவாக அல்லாமல் டொகியுமென்டாக அனுப்புங்கள். கோப்பு உள்ளபடியே போய்ச் சேரும்.