பல்வலிக்குக் கிராம்பு எண்ணெயா, பட்டை எண்ணெயா?

கிராம்பு, பட்டை, இஞ்சி ஆகிய மூன்றின் நறுமண எண்ணெயும் கடையில் ஒரே அளவுக் குப்பிகளில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. சமையலறைச் சரக்குதானே, என்ன செய்துவிடும் என்று பலரும் வாங்கிப் போகிறார்கள். ஆனால் பத்து கிராம் கிராம்பைக் காய்ச்சி வடித்தால் கிடைப்பது ஒன்றரை முதல் இரண்டு கிராம் எண்ணெய்தான். குழம்பில் இரண்டு கிராம்பு போடுவதும் இந்தக் குப்பியைத் திறப்பதும் ஒன்றல்ல.

பல்வலிக்கு என்னைக் கேட்டால் தயங்காமல் கிராம்பு எண்ணெய் என்பேன். அதில் 70 முதல் 90 சதவீதம் வரை இருக்கும் யூஜெனால் நரம்பின் உணர்ச்சியை மழுங்கச் செய்கிறது. துத்தநாக ஆக்சைடுடன் யூஜெனாலைக் குழைத்துத்தான் பல் மருத்துவர்கள் தற்காலிகமாகப் பல் அடைக்கிறார்கள். குவைத்தில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஈறில் ஊசி குத்தும் வலியைக் குறைப்பதில் கிராம்புக் கூழ், ஈறை மரத்துப்போகச் செய்யும் மருந்தான 20 சதவீத பென்சோகெயினுக்கு இணையாக நின்றது. ஆனால் வலி அடங்கினால் சொத்தை ஆறிவிட்டது என்று பொருளல்ல. வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் மருத்துவரிடம் போவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

எண்ணெயை அப்படியே ஈறில் வைத்தால் புண்ணாகும். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் இரண்டு மூன்று சொட்டு கலந்து, பஞ்சில் தொட்டு வலிக்கும் இடத்தில் மட்டும் ஒற்றி, ஊறும் உமிழ்நீரைத் துப்பிவிட வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்; யூஜெனாலுக்கும் அந்தக் குணம் உண்டு.

பட்டை எண்ணெயில்தான் குழப்பம் அதிகம். இலங்கையில் ஒரே கறுவா (பட்டை) மரத்திலிருந்து இரண்டு எண்ணெய்கள் வடிக்கிறார்கள். இலையிலிருந்து வருவதில் பெரும்பகுதி யூஜெனால். குணத்தில் அது கிராம்பு எண்ணெயின் நெருங்கிய உறவு, விலையும் குறைவு. பட்டையிலிருந்து வருவதில் பாதிக்கு மேல், பட்டைக்கு அதன் மணத்தைத் தரும் சின்னமால்டிஹைடு. ஆய்வுக்கூடத் தட்டில் கிருமிகளை அது நன்றாகவே கொல்கிறது. அதை வைத்துக்கொண்டு சேற்றுப்புண்ணுக்கும் முகப்பருவுக்கும் பூசச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தோலில் ஒவ்வாமையைக் கிளப்புவதில் பெயர்பெற்ற பொருள் அது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பிறகு பட்டை மணமூட்டிய பற்பசையும் சூயிங்கமும்கூட வாயைப் புண்ணாக்கலாம். பட்டை எண்ணெயின் மணம் பிடித்திருந்தால் அறையில் மணக்கட்டும். தோலுக்கும் வாய்க்கும் வேண்டாம். குப்பியில் இலையா, பட்டையா என்று குறிப்பிடாமல் வெறுமனே ‘சின்னமன் ஆயில்’ என்று இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

இஞ்சி எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இஞ்சிக்குக் காரம் தரும் ஜிஞ்சரால் ஆவியில் ஏறாது. வடித்த எண்ணெயில் மணம் மட்டுமே பெரிதாக மிஞ்சும். மிளகுக்குக் காரம் தரும் பைப்பரினுக்கும் இதே கதை. குமட்டலுக்கு இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த நீரே போதும், செலவும் குறைவு.

இந்த எண்ணெய்களில் எதையும் குடிக்கக் கூடாது. முக்கியமாகக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். கிராம்பு எண்ணெயில் 5 முதல் 10 மில்லிலிட்டர் குடித்துவிட்ட இரண்டு வயதுக் குழந்தை நினைவிழந்து, வலிப்பு வந்து, கல்லீரல் பாதிக்கப்பட்டு, சாவின் விளிம்புவரை போய் மீண்டதை 1993இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. அந்த அளவு ஒரு சிறிய குப்பிக்குள் அடங்கிவிடும். குழந்தை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள், குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.