பூஞ்சை, ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் டெஸ்ட் என்று வீடு தேடி வருகிறவர்கள்: கடலூர், பாண்டிக்காரர்கள் கவனத்துக்கு

திருப்பாதிரிப்புலியூரில் வெள்ளம் புகுந்து வடிந்த ஒரு வீடு. ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து, ஒரு மணி நேரத்தில் மூன்று டெஸ்ட் முடித்து, 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். நான்காம் நாள் வந்த ரிப்போர்ட்டில் மூன்று முடிவுகள்: நச்சுக் கரும்பூஞ்சை அளவு மீறியிருக்கிறது, காற்றில் ஆஸ்பெஸ்டாஸ் அதிகம், பெயிண்டில் ஈயம் இல்லை. கூடவே சுத்திகரிப்புக்கு ஒன்றேகால் லட்சம் கொட்டேஷன். அவர் செய்த வேலையை வைத்து இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் அடுத்த வீட்டுக்காரராவது தப்பிப்பார்.

பூஞ்சைக்கு அவர் செய்தது, பெட்ரி தட்டை (பூஞ்சை வளர்க்கிற சின்ன மூடித் தட்டு) ஹாலில் திறந்து வைத்து மூடி எடுத்துப் போனதுதான். தட்டைத் திறந்து வைத்தால் எந்த வீட்டிலும் பூஞ்சை முளைக்கும். வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன, நம் கடலோர ஈரத்தில் கேட்கவே வேண்டாம். முறையாகச் செய்பவர் பம்பில் கேசட் (வித்துகளைப் பிடித்து வைக்கும் சின்ன டப்பா) மாட்டி, நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் 5 நிமிடம், மொத்தம் 75 லிட்டர் காற்றை இழுப்பார். அதே நாளில் வாசலுக்கு வெளியிலும் ஒரு மாதிரி எடுப்பார். வெளி மாதிரி இல்லாமல் உள்ளே வந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. ‘அளவு மீறியது’ என்பதும் கற்பனை. வீட்டுக்குள் இத்தனை வித்துதான் இருக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைகூட வரம்பு வைக்கவில்லை. சுவரில் பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்தால் பெரும்பாலும் டெஸ்ட்டே தேவையில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை அடைப்பதில் அந்தப் பணத்தைப் போடுங்கள்.

இன்னொன்று. அந்த வீட்டுப் படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை வெள்ளையாகப் பஞ்சு போல் பூத்திருந்தது. அதையும் படமெடுத்துப் பூஞ்சை என்று ரிப்போர்ட்டில் ஒட்டியிருந்தார். அது உப்பு. ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடித்தால் கரைந்து காணாமல் போகும், விரலில் எடுத்துத் தேய்த்தால் நெறுநெறுவென்று பொடியும். பூஞ்சை நனைந்து படியுமே தவிர கரையாது.

ஆஸ்பெஸ்டாஸுக்குக் கையில் பிடிக்கிற ஒரு மீட்டரைக் காட்டினாராம். அது பி.எம். 2.5 எனப்படும் மிக நுண்ணிய தூசியை எண்ணுகிற கருவி. ஊதுபத்தி ஏற்றினாலும் எண் ஏறும். தூசி எது, ஆஸ்பெஸ்டாஸ் இழை எது என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. கூரை ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று அறிய ஒரு துண்டு ஆய்வகத்துக்குப் போய், போலரைஸ்டு மைக்ரோஸ்கோப்பின் கீழே பார்க்கப்பட வேண்டும். அதற்கும் முன்னால் ஷீட்டில் முத்திரை தெரிகிறதா என்று பாருங்கள். ஐ.எஸ். 459 என்று இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டுக்கான தரநிலை எண், டெஸ்ட்டுக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். முத்திரை அழிந்த பழைய சாம்பல் நிற ஷீட்டையும் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

மாதிரி எடுத்தே ஆகவேண்டும் என்றால், சில துளி சோப்புக் கலந்த தண்ணீரால் அந்த இடத்தை நன்றாக நனைத்து, ஏற்கெனவே உடைந்த ஓரத்தில் நாணய அளவு துண்டைக் குறடால் எடுத்து, இரண்டு ஜிப் கவரில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட வேண்டும். துணி மாஸ்க் போதாது, பி100 வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். காய்ந்த ஷீட்டைச் சுத்தியலால் தட்டி உடைக்கிறவரை உடனே நிறுத்துங்கள். தானே, ஃபெஞ்சல் புயல்களில் உடைந்த ஷீட் துண்டுகளைக் கொல்லையில் குவித்து வைத்திருப்பவர்கள், தயவுசெய்து அதை நொறுக்கிப் பள்ளம் நிரப்பாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். உடையாத கூரையை அப்படியே விடலாம். கம்பிப் பிரஷ்ஷால் பாசி தேய்ப்பதும் துளை போடுவதும்தான் இழையைக் கிளப்பிவிடும்.

ஈயம் ‘இல்லை’ என்று வந்ததுதான் எனக்கு அதிகக் கவலை, ஏனென்றால் அங்கே சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜன்னல் கிரில்லின் மேல் அடுக்கில் நிறம் மாறும் குச்சியால் தேய்த்துப் பார்த்திருக்கிறார். ஈயம் இருந்தால் அடி அடுக்குகளில் இருக்கும். அதிலும் பழைய மஞ்சள் எனாமலில் இருக்கிற லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மம், ரோடிசோனேட் என்ற வேதிப்பொருள் தடவிய இந்த வகைக் குச்சிக்குச் சரியாகப் பிடிபடாது. சரியான வழி, சுமார் 5 செ.மீ.க்கு 5 செ.மீ. அளவில், அடிவரை எல்லா அடுக்கையும், மரத்தூள் கலக்காமல் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்புவது. ரிப்போர்ட்டில் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) அல்லது சதவீதமும், கருவியால் கண்டறிய முடிகிற குறைந்தபட்ச அளவும் இருக்க வேண்டும். வெறும் ‘இல்லை’ என்பது முடிவாகாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் அமலில் இருக்கிறது. பாண்டியில் பழைய வீடுகளின் மரப் பலகணிகளைப் புதுப்பிக்கிறவர்கள், சாண்டர் மெஷினைப் போடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், மாதிரி எந்த ஆய்வகத்துக்குப் போகிறது என்று கேளுங்கள். அந்த வீட்டு ரிப்போர்ட்டின் தலைப்பில் ஐ.எஸ்.ஓ. 9001 என்று பெரிதாக இருந்தது. அது நிர்வாக முறைக்கான சான்று, டெஸ்ட் செய்யும் திறமைக்கானது ஐ.எஸ்.ஓ. 17025. அந்த அங்கீகாரத்தை இந்தியாவில் ஆய்வகங்களுக்கான அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல். தருகிறது, அதையும் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனித்தனியாகத் தருகிறது. குடிநீர் டெஸ்ட்டுக்கு அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு ஆஸ்பெஸ்டாஸுக்கு இருக்கவேண்டும் என்பதில்லை. என்.ஏ.பி.எல். இணையதளத்தில் அந்த ஆய்வகத்துக்கு அங்கீகாரம் உள்ள டெஸ்ட்களின் பட்டியலைத் திறந்து, உங்களுக்குத் தேவையான டெஸ்ட் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். என்.ஏ.பி.எல். முத்திரையோடு வரும் ரிப்போர்ட்டில் யு.எல்.ஆர். எண் (அந்த ரிப்போர்ட்டுக்கு மட்டுமே உரிய தனி எண்) இருக்கும். மாதிரி எடுத்த தேதி, இடம், முறை இவையும் வேண்டும். டெஸ்ட் செய்கிறவரே சுத்திகரிப்பும் செய்கிறேன் என்றால் அவருக்கு வேலையே கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில், ஜிபே ஸ்கிரீன்ஷாட், ரிப்போர்ட், அவர் வைத்த தட்டின் படம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய்வரை செலுத்திய சேவைக்குப் புகார் கட்டணம் கிடையாது.